குருமடங்களை நடத்துவோருக்கு: நம்மாழ்வாரோடு ஒரு வருடம்

மதிப்புக்குரிய ஆயர்களுக்கும், குருமட அதிபர்களுக்கும், இறையியல் நடத்தும் தந்தையர்க்கும் தோத்திரம்.

போன ஆண்டு எங்கள் வீட்டை மந்திரிக்க ஓர் இளம் சாமி வந்தார். குருப்பட்டம் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் என் புத்தக அலமாரி முன்னால் நின்றுவிட்டார். மேல் தட்டில் பைபிள், அம்மா வைத்திருந்த பழைய செபப் புத்தகம், தேம்பாவணி. கீழ்த் தட்டில் நம்மாழ்வார் பாடிய திருவாய்மொழியும், ஈடு என்ற அதன் பழைய வைணவ உரைத் தொகுதிகளும். "இதெல்லாம் எதுக்கு சார் நம்ம வீட்ல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்தவன் சாமி, அதனால்தான் என்றேன். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அந்தத் தட்டுக்கும் சேர்த்தே தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

எனக்குத்தான் போதவில்லை. தொழிலுக்காக வைத்திருக்கிறேன் என்பது பாதி உண்மை. மீதியைச் சொல்ல அமெரிக்காவில் இருக்கும் ஒரு கத்தோலிக்கக் குருவின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். ஒரு காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அதனால் அவரிடம் சொல்லாமல் விட்டதை, அவருக்குப் பாடம் நடத்தியவர்களும் நடத்தப் போகிறவர்களுமான உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் குருவின் பெயர் பிரான்சிஸ் சேவியர் க்ளூனி, இயேசு சபை. 1950இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பெயரிலேயே நம் கடற்கரை இருக்கிறது பாருங்கள்: 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாட்டிலும் தங்கிய சவேரியாரின் பெயர். 1968இல், பதினெட்டு வயதில், சபையில் சேர்ந்தார். அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டிருந்தது. அந்தச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாக இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்ற வரியை நீங்கள் எல்லோரும் தேர்வுக்கு எழுதியிருப்பீர்கள். அந்த வரியைச் சொல்வது எளிது. எவை அந்த உண்மைகள் என்று தேடிப் போவதுதான் வேலை.

1973இல் சபை அவரைக் காத்மாண்டுக்கு அனுப்பியது. அங்கே புனித சவேரியார் பள்ளியில் 1975 வரை ஆசிரியர். முன்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் பெரும்பாலும் இந்துக்கள், பௌத்தர்கள். அவர்களிடம் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்றால் அவர்கள் வீட்டில் புழங்கும் கதைகள் தெரிய வேண்டுமே. கீதையையும் புத்தர் கதைகளையும் எடுத்துப் படிக்கத் தொடங்கினார். என்னைப் போன்ற வாத்தியார்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாடம் நடத்தப் போய்த்தான் நாங்களும் படிக்கிறோம். ஆனால் அந்த இரண்டு வருடம் முடிந்து ஊர் திரும்பியவர், 1978இல் குருப்பட்டம் பெற்ற பிறகும் அதை விடவில்லை. ஏ.கே. ராமானுஜன் பாடம் நடத்திய சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சமஸ்கிருதமும் தமிழும் கற்றார். 1984இல் முனைவர் பட்டம்.

ஆய்வுக்கு எடுத்தது பூர்வ மீமாம்சை. யாக விதிகளை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து ஆராயும் சாஸ்திரம் அது. கடவுளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாத சாஸ்திரம் என்றுகூடச் சொல்லலாம். ஒரு குரு போய் இதையா எடுப்பார் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மீமாம்சகர்கள் கற்றுத்தருவது வாசிக்கிற ஒழுங்கு. வாக்கியத்தில் இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, இதற்கு முன்னால் சொன்னதோடு இது ஒத்துப்போகிறதா, ஒத்துப்போகாவிட்டால் எதை எதற்கு விட்டுக்கொடுப்பது? அந்த ஒழுங்கு கைவந்த பிறகு அவர் எந்த நூலையும் மேலோட்டமாகப் புரட்டவில்லை.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். பாஸ்டன் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, இடையில் சென்னையில் வந்து தங்கி, வைணவ அறிஞர்களிடம் திருவாய்மொழி படித்தார். வெறும் மூலத்தை இல்லை. பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்து நாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி, பிற்காலத்துப் பன்னீராயிரப்படி என்று ஆசாரியர்கள் சொன்ன அர்த்தங்களோடு சேர்த்துப் படித்தார். அந்தப் படிப்பிலிருந்து 1996இல் ஒரு முழு நூல் வந்தது. அதற்கு முன்பே, 1993இல், அத்வைத வேதாந்தத்தையும் புனித தாமஸ் அக்குவினாஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்து ஒரு நூல் எழுதியிருந்தார். பிறகு 2008இல் வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகரின் ரஹஸ்யத்ரயஸாரமும் புனித பிரான்சிஸ் சலேசியாரும். அதே வருடம் திருமந்திரம், த்வயம், சரம ஸ்லோகம் என்ற வைணவர்களின் மூன்று ரகசிய மந்திரங்களுக்கு ஒரு கிறிஸ்தவரின் உரை. 2005இல் ஹார்வர்டில் பேராசிரியராகச் சேர்ந்தார். 2010 முதல் 2017 வரை அங்கே உலகச் சமயங்களுக்கான ஆய்வு மையத்தின் இயக்குநர். இவ்வளவுக்கும் நடுவில் வார இறுதிகளில் பங்குக் கோவிலில் பூசையும் பிரசங்கமும் உண்டு. 2024இல் வந்த தன்வரலாற்று நூலுக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால், 'இந்துவும் கத்தோலிக்கனும், குருவும் அறிஞனும்: ஒரு காதல் கதை'.

காதல் கதை என்ற சொல்லில் உங்களில் சிலருக்குப் புருவம் உயரலாம். உயரட்டும், அதற்கு வருகிறேன்.

அவர் செய்வதை ஒப்பீட்டு இறையியல் என்கிறார்கள். அந்தப் பெயர் நம் ஊரில் கொஞ்சம் ஏமாற்றும். ஒப்பீடு என்றாலே நமக்குப் பட்டிமன்றம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது: இந்த அணி, அந்த அணி, கடைசியில் நடுவர் தீர்ப்பு. குருமடத்தில் நீங்கள் நடத்தும் 'மதங்களின் இறையியல்' பாடமும் ஏறக்குறைய அப்படித்தான் போகிறது. பிற சமயத்தார்க்கு மீட்பு உண்டா, உண்டென்றால் யார் வழியாக என்ற கேள்வி. அதற்கு மூன்று நான்கு கட்சிகள். ஒவ்வொரு கட்சிக்கும் இரண்டு மேற்கோள். பிற சமயத்தாரின் ஒரு பக்கத்தைக்கூட முழுதாகப் படிக்காமல் அந்தத் தேர்வில் நல்ல மார்க் வாங்கிவிடலாம். தீர்ப்பு எழுதியாகிவிட்டது, வழக்கு என்னவென்றுதான் தெரியாது.

க்ளூனி தீர்ப்பைத் தள்ளிவைக்கிறார். தன் விசுவாசத்தைத் தள்ளிவைக்கவில்லை, இதைத்தான் பலர் பிசகாகப் புரிந்துகொள்கிறார்கள். கத்தோலிக்கனாகவே உட்கார்ந்து, இன்னொரு மரபின் நூலை அந்த மரபின் ஆசாரியர்கள் சொல்கிறபடி மெதுவாகப் படி; அப்புறம் உன் நூலுக்குத் திரும்பி வா; திரும்பி வரும்போது உன் நூலில் முன்பு கண்ணில் படாத ஏதோ ஒன்று படும். அவ்வளவுதான் முறை. கேட்க எளிது, செய்ய வருடக்கணக்கில் ஆகும்.

ஓர் இடத்தைக் காட்டுகிறேன். திருவாய்மொழி ஆறாம் பத்து, பத்தாம் திருவாய்மொழி, பத்தாம் பாசுரம். "அகலகில்லேன் இறையும்" என்று தொடங்குவது. திருப்பதிக்குப் போய்வந்த எந்த வைணவருக்கும் இது தெரியும். 'ஒரு கணமும் பிரிய மாட்டேன்' என்று திருமகள் அவன் மார்பில் இருக்கிறாள். பிறகு வரிசையாக அழைப்புகள்: நிகரில் புகழாய், உலகம் மூன்றுடையாய், என்னை ஆள்வானே, திருவேங்கடத்தானே. கடைசியில், "புகல் ஒன்று இல்லா அடியேன் உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே."

பள்ளிக்கூடத்தில் நான் இதை நடத்தியபோது, இறைவனின் பெருமைகளை ஆழ்வார் அடுக்குகிறார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். உரைகாரர்கள் நகரவிடவில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது என்கிறார்கள். நிகரில் புகழாய் என்றால் குற்றத்தைப் பார்க்காத வாத்சல்யம். உலகம் மூன்றுடையாய் என்றால் எல்லாவற்றுக்கும் உரியவனாக இருக்கும் ஸ்வாமித்துவம். என்னை ஆள்வானே என்றால், அப்பேர்ப்பட்டவன் இந்த ஒன்றுமில்லாதவனோடு கலந்து பழகும் சௌசீல்யம். திருவேங்கடத்தானே என்றால் மலைமேல் வந்து நின்று கைக்கு எட்டும் சௌலப்யம். இந்த நான்கும் இருந்தால்தான் ஒருவன் காலில் போய் விழ முடியும்; ஒன்று குறைந்தாலும் பயம் வந்துவிடும். முதலில் அவளைச் சொன்னதும் காரணத்தோடுதான். நடுவில் தாய் இருக்கிறாள் என்ற தைரியத்தில் பிள்ளை உள்ளே போகிறான்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். குருமடத்தில் இரவு மன்றாட்டில் தினமும் சொல்கிறீர்கள்: ஆண்டவரே, உம் கையில் என் ஆவியை ஒப்படைக்கிறேன். ஒப்படைத்தல் என்ற சொல்லைப் பாருங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, அதை உன்னிடம் தருகிறேன் என்பது அதில் இருக்கிறது. சிலுவையில் இயேசு அதைச் சொன்னபோது அவரிடம் தருவதற்கு உயிர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆழ்வார் எதையும் தரவில்லை. தருவதற்கு ஒன்றும் இல்லாததால் நேராக உள்ளே போகிறார். புகல் இல்லாதவன் புகுகிறான். அந்த ஒரே வேர்ச்சொல்லில் பாசுரம் நிற்கிறது. இந்தப் பாசுரத்தைப் படித்த பிறகு என் இரவுச் செபம் முன்பு போல் இல்லை. நான் எதையோ பெரிதாகக் கொடுப்பதுபோல அத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. யாருடைய விசுவாசம் இதில் குறைந்தது, சொல்லுங்கள்?

தேசிகரையும் சலேசியாரையும் சேர்த்துப் படித்த நூலில் க்ளூனி ஆராய்வது இந்தச் சரணாகதியைத்தான். 2014இல் வந்த இன்னொரு நூலில் இதற்கு மறுபக்கத்துக்குப் போகிறார்: அவன் வராத இரவு. ஆழ்வார் பராங்குச நாயகி என்ற பெண்ணாகிப் புலம்பும் பாசுரங்களையும் பழைய ஏற்பாட்டின் இனிமைமிகு பாடலையும் சேர்த்துப் படிக்கிறார். "ஊரெல்லாம் துஞ்சி" என்று தொடங்கும் பதிகம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஊர் தூங்குகிறது, உலகம் முழுக்க இருட்டு, இரவு ஒன்றாக நீண்டுகொண்டே போகிறது, அவன் வரக் காணோம். அந்தப் பக்கம், கதவைத் திறந்தால் அன்பன் போய்விட்டிருக்கிறான். தெருவில் தேடி அலைகிறவளைக் காவலர்கள் அடிக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு நஞ்சீயரும் நம்பிள்ளையும் உரை சொல்கிறார்கள். இன்னொரு பக்கத்துக்குப் புனித பெர்நார்தும் அவர் வழியில் வந்த துறவிகளும். அகத்திணை படித்த தமிழனுக்கு இந்த இரண்டாவது பெண்ணின் கதை எவ்வளவு சொந்தமானது! ஆனால் இனிமைமிகு பாடலை நம் கோவில்களில் எப்போது கேட்கிறோம்? கல்யாணப் பூசையில், அதுவும் அழகான நாலு வரி. தேடி அலைகிற பகுதியை யாரும் வாசிப்பதில்லை. கடவுள் காணாமல் போன இரவு எங்கள் வீடுகளிலும் உண்டு, சாமி. கடலுக்குப் போன மகன் திரும்பாத வீட்டில் வந்து நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள்?

காதல் கதை என்று அவர் பெயர் வைத்ததன் நியாயம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு மரபுகளுமே கடவுளை இப்படித்தான் பேசியிருக்கின்றன.

இனி உங்கள் தயக்கங்கள். முதலாவது, இதையெல்லாம் படித்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது. ஐம்பது வருடத்துக்கு மேல் படித்த மனிதர் இன்றும் இயேசு சபைக் குருதான். 2022-23இல் அமெரிக்கக் கத்தோலிக்க இறையியலாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். ஒரு பாசுரத்தைப் படித்து ஆட்டம் காண்கிற அழைத்தல், உங்களிடம் ஏழெட்டு வருடம் இருந்தும் வேர் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு ஆழ்வார் பொறுப்பில்லை.

இரண்டாவது தயக்கம் எதிர்ப்பக்கத்தில் இருந்து வருவது. இவர்கள் நம் நூலைப் படிப்பது எதற்கு, பிடுங்கிக்கொண்டு போகவா என்று வைணவர்கள் கேட்டால்? கேட்பதற்கு அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தியதும் தமிழும் சமஸ்கிருதமும் கற்றதும் மதம் மாற்றுவதற்குத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. க்ளூனியும் மறைக்கவில்லை. சென்னையைச் சேர்ந்த இயேசு சபை அறிஞர் ஆனந்த் அமலதாஸோடு சேர்ந்து நொபிலியின் மூன்று நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் அவர். பூஷே என்ற பழைய மதுரை மிஷனரியைப் பற்றியும் தனி நூல் எழுதியிருக்கிறார். அந்த முன்னோர்களின் உழைப்பையும் அவர்களுடைய பார்வையின் குறுகலையும் சேர்த்தே பேசுகிறார். நாமும் அப்படிப் பேசக் கற்றுக்கொண்டால், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறப்பார். உடனே இல்லாவிட்டாலும்.

மூன்றாவதுதான் கனமானது. இதை எனக்குச் சொன்னது என்னிடம் படித்து, பிறகு குருமடம் போய், பாதியில் திரும்பிவந்த ஒரு பையன். "எங்க தாத்தாவ கோயிலுக்குள்ள விடாத ஆளுக எழுதுன உரைய நான் எதுக்கு சார் படிக்கணும்?" தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சமஸ்கிருதம் கலந்த மணிப்பிரவாள உரையைக் கொண்டுபோய் வைத்து, இதில் ஆன்மிகம் இருக்கிறது என்று சொன்னால், அவர்கள் எழுந்து போவதுதான் மரியாதை. க்ளூனியின் படிப்பிலும் இந்தக் கேள்வி நடுவில் இல்லை. அவர் எடுப்பவை பெரும்பாலும் பண்டிதர்கள் பண்டிதர்களுக்காக எழுதியவை. தூரத்தில் இருந்து படிப்பவருக்கு அது நூல். தெருவில் இருந்து படிப்பவருக்கு அது நூல் மட்டும் இல்லை.

ஆனால் அந்தப் பையனிடம் நான் ஒரு பாசுரத்தைக் காட்டினேன். மூன்றாம் பத்து, ஏழாம் திருவாய்மொழி, ஒன்பதாம் பாசுரம். நாலு சாதிக்கும் கீழே, எந்த நன்மையும் இல்லாதவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்கள் என்றாலும், அவனுக்கு ஆள் என்று உள் கலந்துவிட்டால், அவர்களுடைய அடியாரின் அடியாரே "எம் அடிகளே" என்கிறார் ஆழ்வார். ஒதுக்கப்பட்டவர்களைக் குறிக்க அந்தப் பாசுரத்தில் ஒரு வசைச்சொல் இருக்கிறது. பையன் அந்தச் சொல்லில் விரலை வைத்தான். "கும்பிடும்போதும் இந்தப் பேரச் சொல்லித்தான் கும்பிடணுமா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. ஆழ்வாரே வேளாளர் குலம் என்கிறது மரபு. அந்தணரான மதுரகவி அவரைத் தவிர வேறு தெய்வம் தெரியாது என்று பாடினார். திருப்பாணாழ்வாரைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவரங்கத்துக்குள் போன கதையும் அங்கேதான் இருக்கிறது. இதையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், ஒத்துக்கொள்ளவில்லை.

தந்தையர்களே, அந்த உரையாடல் உங்கள் வகுப்பறையில் நடந்திருக்க வேண்டும். என் வீட்டுத் திண்ணையில் நடந்தது. அந்தப் பையன் விரலை வைத்த இடம் வெறும் ஆத்திரம் இல்லை, நல்ல வாசிப்பு. அமெரிக்காவில் இருப்பவர் செய்ய முடியாத ஒப்பீட்டு இறையியலை அவன் செய்தான். கையோடு அவன் நம்மையும் கேட்டிருப்பான்: கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச்சுவர் எழுப்பியவர்களுக்கு இந்தப் பாசுரத்தைக் குறை சொல்ல என்ன யோக்கியதை என்று. ஒருவேளை அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அலமாரியையே பூட்டிவைத்திருக்கிறோமோ என்னவோ.

இது நமக்குப் புதிய வேலையும் இல்லை. மரியசூசை தவமணி என்ற இயேசு சபைக் குரு சைவ சித்தாந்தத்தில் இறையன்பு என்ற பொருளில் எழுதிய ஆய்வு 1971இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. இஞ்ஞாசி இருதயம் அடிகள் சென்னையில் ஐக்கிய ஆலயத்தைத் தொடங்கினார். குளித்தலைப் பக்கம் சாந்திவனம் 1950இலிருந்து இருக்கிறது. அங்கிருந்த துறவிகள் உபநிடதத்தின் பக்கம் போனார்கள், பக்தித் தமிழ்ப் பக்கம் அவ்வளவாக வரவில்லை என்பது என் சின்ன வருத்தம். மைக்கேல் அமலதாஸ் அடிகள் லொயோலா வளாகத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்விகளை விடாமல் எழுதினார். ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தனி மரமாக நின்றார்கள். அவர்கள் படித்தது குருமடத்துக் கால அட்டவணைக்குள் வரவே இல்லை. அங்கே 'இந்து மதம்' என்ற ஒரு தாளில் வேதம், உபநிடதம், ஆறு தரிசனம், பக்தி இயக்கம் எல்லாம் ஒரு பருவத்துக்குள் ஓடிவிடுகின்றன. நம்மாழ்வாருக்கு அதில் ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

நம் சொந்தச் சொத்தின் கதி இன்னும் மோசம். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி 3,615 பாடல் கொண்டது. சூசையப்பரை வைத்து இவ்வளவு பெரிய காப்பியம் உலகில் வேறு எங்கே இருக்கிறது? அதைப் பற்றி 2022இல் ஒரு நூல் வந்தது. எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள், இதே க்ளூனிதான். அதற்கும் முன்பு, 2005இல், மாதாவைப் பற்றிய துதிகளையும் அம்மனைப் பற்றிய துதிகளையும் சேர்த்துப் படித்தபோது, அபிராமி அந்தாதியோடு அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று மாதரசம்மன் அந்தாதி. மாதாவுக்குத் தமிழில் பாடிய அந்தாதி! என் அம்மா ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை ஒருநாள் விடாமல் சொன்னவள். அவளுக்கு இப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. தமிழ் வாத்தியாரான எனக்கே ஹார்வர்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

சின்ன வயதில் செப்டம்பர் 14ஆம் தேதி மணப்பாட்டுச் சிலுவைத் திருவிழாவுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போவோம். வழியில் கண்டக்டர் 'ஆழ்வார்திருநகரி' என்று கூவுவார். நெற்றியில் நாமத்தோடு சிலர் இறங்குவார்கள். நாங்கள் இறங்கியதே இல்லை. அந்தப் பெயருக்குள் ஓர் ஆழ்வார் இருக்கிறார் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. அதே தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில்தான் 1578இல் தமிழில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் இருந்து உழைத்தார். ஒரே ஆறு. மேலே ஒருவர் பாடியதைக் கீழே இருந்தவர்கள் கேட்காமலேயே நானூறு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இறையியல் படிக்கும் நான்கு வருடத்தில் ஒரு வருடம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரே ஒரு தமிழ் நூல். திருவாய்மொழியில் ஒரு பத்து போதும். மொத்தம் 1,102 பாசுரத்தையும் முடிக்கச் சொல்லவில்லை. கூடவே ஈடு. நடத்துபவர் அந்த மரபில் அதைச் சேவித்து வளர்ந்தவராக இருக்கட்டும், பக்கத்தில் உங்கள் பேராசிரியர் ஒருவர் மாணவராக உட்காரட்டும். நம்பிள்ளை பகலில் திருவரங்கத்தில் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்ததுதான் ஈடு என்பார்கள். வகுப்பில் நோட்ஸ் எடுத்தே பழகிய உங்கள் மாணவர்களுக்கு அந்த நடை புதிதாக இருக்காது. கேள்வி, மறுப்பு, விடை என்று அக்குவினாஸிடம் பார்த்ததுதான். அடுத்த வருடம் திருவாசகம் எடுங்கள், அதற்கடுத்து சீறாப்புராணம் எடுங்கள், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று. தேர்வில் 'ஒப்பிடுக' என்று கேட்காதீர்கள். ஒரு பாசுரத்தையும் ஒரு திருப்பாடலையும் கொடுத்து, படித்ததில் உன் செபத்தில் என்ன மாறியது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் மாறவில்லை என்று எழுதினாலும், காரணம் சொன்னால் மார்க் போடுங்கள். அந்த வசைச்சொல்லில் விரல் வைப்பவனுக்கு முழு மார்க்.

க்ளூனியின் நூல்களில் ஒன்றிரண்டையாவது தமிழில் கொண்டுவரச் சபைகளிடம் பணம் இருக்கிறது, அச்சகமும் இருக்கிறது. மூலம் தமிழில், உரை மணிப்பிரவாளத்தில், ஆராய்ச்சி ஆங்கிலத்தில் என்றால், ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த குருமாணவன் எங்கே போவான்?

பாடம் சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆழ்வார்திருநகரியில் எனக்கு இரண்டு பேரைத் தெரியும். ஒருவர் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். போன மாதம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வரேன், ஆனா சாப்பாடு வீட்லேர்ந்து கொண்டுவந்துடுவேன்" என்றார். வைகாசியில் அங்கே ஒன்பது கருட சேவை முடிந்தபிறகு அவருக்கு நேரம் இருக்கும். ஜூனில் உங்கள் வகுப்புகளும் தொடங்கிவிடும். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம் என்கிறார்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.